அரைக் கிலோ மரணம்

ட்ர்ர்ரிங்... ட்ர்ர்ரிங்...

பழைய இரும்புக் கடையின் டெலிபோன் அலறியது.

கமர் ஜஹான் டீ டம்ளரைத் தராசுத் தட்டிலேயே வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள். புருஷன் சவூதிக்குப் போனதிலிருந்து செஞ்சி பஜாரில் அந்தக் கடைக்கு அவள்தான் எல்லாம். கூடமாட உதவிக்கு அவளுடைய தம்பி நூருல்லா. உதவி என்று அவன்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

"யாரு?"

"பாயம்மா... நான்தான்... தனகோட்டி..."

லாரி டிரைவர் தனகோட்டி! போன வாரம் அவள் கடைக்கு லோடு இறக்கியவன். எப்போதும் காது கிழியக் கத்துகிறவன், இன்று கிசுகிசுத்தான்.

"இன்னாடா, தொண்டை கட்டிக்கிச்சா?"

"சிரிக்காதீங்க பாயம்மா. திண்டிவனத்துல சிராஜுதீன் பாய் செத்துட்டாரு."

"இன்னாது!"

"காலைல. கடையிலயே. குண்டு வெடிச்சு..."

கமர் ஜஹானின் கை ரிசீவரை இறுக்கியது.

"ஏது குண்டு?"

"நான் எறக்குன லோடுதான். பாதி அவருக்கு, பாதி உங்களுக்கு."

"அது ராணுவம் சுட்டுப் பழகற திடல்ல பொறுக்கின வெறும் தோட்டான்னு சொன்னியேடா, பாவி!"

"வெறும் தோட்டாதான். ஆனா உள்ள வெடிக்காத குண்டும் கலந்து கெடக்குது. ரஷ்யாக்காரன் வண்டி ஒண்ணு இருக்குதில்ல... உள்ள சிப்பாய்ங்க குந்திக்குவாங்க, மேல பீரங்கி இருக்கும்... அதுல சுட்றது. சேத்துல சொருகிக்கினு வெடிக்காம போனதையெல்லாம் அழிக்கறதுக்குன்னு செவப்புக் கொடி நட்டு தனியா குவிச்சு வெச்சிருந்தாங்க. கான்ட்ராக்டர் ரங்கநாதன் இருட்டினதும் அதையும் அள்ளி ஏத்தச் சொன்னாரு."

"எதுக்குடா?"

"அடியில செம்பு வளையம் இருக்குதாம். அந்த ஆசை. சிராஜுதீன் பாய் அந்த வளையத்தைக் கழட்டத்தான் உளி வெச்சாரு. ஒரே அடி..."

தனகோட்டி குரலை இன்னும் தாழ்த்தினான்.

"சத்தம் பெருசா இல்ல பாயம்மா. ஆனா அந்த இரும்புத் தோலு சில்லுச் சில்லா பிரிஞ்சு பறக்குது. கதவு, செவுரு, தகரக் கூரை... எல்லாம் சல்லடை. பாயும்..."

"யா அல்லா!"

"ரங்கநாதன் காஸ் சிலிண்டர் வெடிச்சதுன்னு சொல்லி மூடப் பாக்கறாரு. நான் போலீசுல உண்மையைச் சொல்லப் போறேன். நீங்க அதைத் தொடாதீங்க. தட்டாதீங்க. கீழ போட்..."

தொப்!

"தனகோட்டி? டேய் தனகோட்டி!"

யாரோ மூச்சு விட்டார்கள். அது தனகோட்டியின் மூச்சு அல்ல.

"நான் ரங்கநாதன் பேசறேம்மா," என்றது ஒரு குரல். வெல்லப் பாகு மாதிரி. "பையன் கொஞ்சம் பேசிட்டான் போலிருக்கு."

"அவனை இன்னா பண்ணீங்க?"

"அவன் கெடக்கறான். உன் தம்பியை நெனைச்சுப் பாரு. பாய் கடை... உள்ளாற ராணுவக் குண்டு... போலீசு யாரை நம்பும்? உன்னையா, என்னையா? உள்ள போனா உன் தம்பி வெளிய வர்றதுக்குள்ள அவன் தாடி வெளுத்துடும்."

டொக்! போன் வைக்கப்பட்டது.

கமர் ஜஹான் ரிசீவரை வைத்தாள். கடைக்குப் பின்னால் ஓடினாள். காலித் தோட்டாக்கள் குவியலாகக் கிடந்தன. பக்கத்தில் நூருல்லா கவிழ்த்த டின்னின் மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்!

"அதை அணைடா!"

"இன்னாக்கா, மாமா போன் பண்ணாரா? மூஞ்சி ஒரு மாதிரி..."

"இந்த லோடுல கெட்டியா, கனமா, முனை கூரா ஏதாச்சும் இருந்துச்சா?"

"வாழைக்கா நீளத்துல? அடியில செம்பு வளையம்?"

"அதேதான்! எங்கடா?"

"நாலு இருந்துச்சு. வளையத்தைக் கழட்டலாம்னு பாத்தேன். உளி மொக்கை. எவன் சாணை புடிக்கப் போறதுன்னு வுட்டுட்டேன்."

அவனுடைய சோம்பேறித்தனத்தை வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வாழ்த்தினாள் கமர் ஜஹான்.

"இப்ப எங்க வெச்சிருக்கற?"

நூருல்லா பெருமையாகச் சிரித்தான்.

"வித்துட்டேன்."

"யாருக்கு?"

"சந்தைக்காரங்களுக்கு. அடிப்பக்கம் தட்டை, நட்டக்குத்தலா நிக்குது. அரைக் கிலோ எடைக்கல்லு! நெஜத்துல நானூறு கிராம்கூட தேறாது. அதான் போட்டி போட்டு வாங்கினாங்க!"

கமர் ஜஹான் தம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

இன்று சந்தை. செஞ்சியைச் சுற்றியிருக்கிற அத்தனை ஊர் ஜனமும் அங்கேதான். அந்தக் கூட்டத்துக்கு நடுவே... தராசுத் தட்டில்... டங்கு டங்கென்று...

மரணம் எடை போட்டுக்கொண்டிருந்தது!

சந்தைக்குப் போகும்போதே எல்லாவற்றையும் தம்பியிடம் சொன்னாள். நூருல்லாவின் முகம் சாம்பலானது.

"அக்கா... நான் அதை சைக்கிள் பின்னாடி கட்டிக்கினு, சிங்கவரம் ரோட்டுல அத்தினி பள்ளத்துலயும் ஏத்தி எறக்கினேனே..."

"பேசாம வா. குண்டுன்னு மட்டும் வாயைத் தொறந்துடாத. ஜனம் ஓடும். ஓடற காலு எதை எத்துமோ தெரியாது."

சந்தை இரைந்தது. ராஜகிரி மலை மேல் வெயில் காய்ந்தது.

பவுனம்மாள் கத்திரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தாள். தட்டில் நின்றது அது! கூர் முனை ஆகாயத்தைப் பார்த்தபடி... ஒருத்திக்கு நிறுத்து முடித்ததும் அதை எடுத்துக் கீழே போட்டாள்.

டங்!

கமர் ஜஹான் கண்ணை இறுக மூடினாள். ஒன்றும் ஆகவில்லை. திறந்தாள்.

"பவுனக்கா... அந்தக் கல்லைக் குடு."

"எந்தக் கல்லு?"

"இப்ப தட்டுல இருந்துச்சே."

"அது கத்திரிக்கா."

"இரும்புல கத்திரிக்காயா?"

பவுனம்மாளின் கண்கள் சுருங்கின. குரலைத் தாழ்த்தினாள்.

"முத்திரை ஆபீசர் வந்துட்டானா?"

எடைக்கல்லில் அரசாங்க முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர் முத்திரை ஆபீசர். சந்தைக்காரர்கள் பாம்பைக் கண்டால்கூட அவ்வளவு பயப்பட மாட்டார்கள்.

"இல்லக்கா, அதெல்லாம்..."

அதற்குள் பவுனம்மாள் கல்லைச் சட்டென்று எடுத்துச் சாக்குக்கு அடியில் தள்ளி, அதன் மேல் தன் முழு கனத்தோடு உட்கார்ந்துவிட்டாள்!

"அய்யோ! எழுந்துருக்கா!"

"எதுக்கு எழுந்துருக்கணும்?"

"அது மேல உக்காரக் கூடாது!"

"நான் இன்னா கோழியா, குஞ்சு பொரிச்சுடும்னு பயப்பட்ற?"

நூருல்லா அழும் குரலில் சொன்னான். "வேற கல்லு தர்றோம் ஆத்தா. முத்திரை போட்ட நெஜமான அரைக் கிலோ!"

"நெஜக் கல்லா? அதை வெச்சுக்கினு நான் எப்புட்றா பொழைக்கறது?"

வேறு வழியில்லை. கமர் ஜஹான் குனிந்து அவள் காதில் சொன்னாள்.

"அக்கா... அது வெடிகுண்டு. திண்டிவனத்துல இன்னிக்குக் காலைல ஒருத்தரு செத்துட்டாரு. என் புள்ளைங்க மேல சத்தியம்."

பவுனம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. உதடு துடித்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு முகத்தை யாராலும் நடித்துக் காட்ட முடியாது.

"தாயே..." என்றாள் பவுனம்மாள். "எழுந்துக்கவா, வேணாமா?"

"மெதுவா எழுந்துரு. சாக்கு இழுபடாம."

அரை அங்குலம் அரை அங்குலமாக எழுந்தாள் பவுனம்மாள். கமர் ஜஹான் குண்டை இரண்டு கையாலும் தூக்கி, உமி பரப்பிய கூடையில் படுக்க வைத்தாள்.

ஒன்று!

ஆனால் அதற்குள் பக்கத்துக் கடைக்காரி பாதியைக் கேட்டுவிட்டாள். கேட்டது 'முத்திரை ஆபீசர்' மட்டும்.

"முத்திரை ஆபீசர் வந்துட்டான்டோய்!"

சந்தை முழுக்கத் தீ மாதிரி பரவியது. தராசுகள் படுத்தன. கற்கள் மறைந்தன. மடியில், கூடையில், முந்தானையில்... கிடைத்த இடத்தில் வீசினார்கள்!

"வீசாதீங்க! யாரும் எதையும் வீசாதீங்க!"

யார் கேட்டார்கள்?

கருவாட்டுக் கடை பாவாடையிடம் பாய்ந்தான் நூருல்லா.

"அண்ணே, என்கிட்ட வாங்குன கல்லு எங்க?"

"எது? நீ யாரு? நான் எடை போட்டே விக்கறதில்ல. கூறு கட்டித்தான் விக்கறேன்."

"அண்ணே, ஆபீசர் இல்லண்ணே! அது குண்டு! வெடிக்கற குண்டு!"

பாவாடை எகிறிக் குதித்தான். நெத்திலிக் கூடையைக் காட்டினான். கருவாட்டுக்கு நடுவே கருவாடு மாதிரியே கிடந்தது அது.

இரண்டு!

"மூணாவது?"

"மல்லாட்டை வறுக்கற சாமுண்டீஸ்வரிகிட்டக்கா!"

ஓடினார்கள். மூன்று கல் அடுப்பு. திகுதிகுவென்று விறகு. பெரிய வாணலியில் கொதிக்கும் மணல். அதில் வேர்க்கடலையைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தாள் சாமுண்டீஸ்வரி.

"அக்கா, எடைக்கல்லு எங்க?"

சாமுண்டீஸ்வரி கண்ணடித்தாள்.

"அதெல்லாம் பத்திரமா இருக்குது. எந்த ஆபீசராலயும் எடுக்க முடியாது."

"எங்க வெச்ச?"

கரண்டியால் வாணலியைத் தட்டிக் காட்டினாள்.

"சூட்டு மணல்ல எவன் கையை வுடுவான்?"



கொதிக்கிற மணலுக்குள் குண்டு வறுபட்டுக்கொண்டிருந்தது!

"நூரு! எல்லாரையும் தள்ளிக்கினு போ! ஓடு!"

"நீ?"

"போடான்னா!"

காலாலேயே விறகை உதைத்து வெளியே தள்ளினாள். புடவைக் கரை பொசுங்கியது. கவனிக்கவில்லை. சாமுண்டீஸ்வரியின் கையிலிருந்து சல்லடைக் கரண்டியைப் பிடுங்கினாள். மணலுக்குள் விட்டாள். அலசினாள். கடலை... கடலை... கடலை...

டிங்.

கரண்டி இரும்பைத் தொட்டது.

மூச்சை நிறுத்தினாள். அடியில் கொடுத்துத் தூக்கினாள். மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. கரண்டியில் கறுத்துப் புகைந்தபடி வந்தது அது. ஒரு கடலை அதன் முனையில் ஒட்டியிருந்தது.

'கூப்புட்றதுன்னா இப்ப கூப்புட்ராத அல்லா. என் புள்ளைங்க ஸ்கூல்ல இருக்குது...'

பக்கத்தில் கிடந்த ஆறின மணல் மூட்டைக்குள் அதை மெல்லச் சரித்தாள்.

மூன்று!

சந்தைக் கோடியில் கட்டிப் பாதியில் நிறுத்திய செங்கல் சுவர் ஒன்று இருந்தது. அதன் பின்னால் மூன்றையும் மணலோடு இறக்கிவிட்டு, பாவாடையைக் காவல் வைத்தாள்.

"எவனும் கிட்ட வரக் கூடாது பாவாடை."

"கவலையே படாதீங்க." சுற்றிலும் கருவாட்டுக் கூடைகளைத் திறந்து வைத்தான் பாவாடை. "நாயைத் தவிர எவனும் வர மாட்டான்."

"நாய் வந்தா?"

பாவாடை அவசர அவசரமாகக் கூடைகளை மூடினான்.

"நூரு! நாலாவது யாருகிட்டடா?"

கேட்டுக்கொண்டே திரும்பினாள்.

ஏட்டு ஒருவர் நூருல்லாவின் சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார்!

"அக்கா! நாலாவது..."

"வாயை மூட்ரா!" பளார் என்று விழுந்தது அறை. "கான்ட்ராக்டர் கம்ப்ளெய்ண்ட் குடுத்திருக்காரு. குண்டா விக்கற, குண்டு?"

சந்தை போலீஸ் அவுட்போஸ்ட் ஒற்றை அறைதான். ஒரு மேஜை. அதன் மேல் மலையாகக் காகிதக் கட்டுகள். எல்லாவற்றையும் பறக்கவிடப் பார்க்கிற ஒரு ஃபேன். மூலையில் கம்பிக்குப் பின்னால் நூருல்லா.

எஸ்.ஐ. சுந்தரமூர்த்திக்கு எதிரே காலை ஆட்டியபடி கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார் ரங்கநாதன். மல் வேட்டி. நெற்றியில் சந்தனம்.

"வாம்மா," என்றார் ரங்கநாதன். "உன்னைப் பத்திதான் ஐயாகிட்ட சொல்லிட்டிருந்தேன். லாரி புடிச்சு நேரா வந்துட்டேன்."

"ஐயா, இவர் சொல்றது அத்தனையும் பொய்!" கமர் ஜஹான் மேஜையருகே வந்தாள். "அந்தக் குண்டு இவர் அனுப்புன லோடுல வந்தது. சிராஜுதீன் பாய் செத்தது அதாலதான். டிரைவரை எங்கியோ அடைச்சு வெச்சிருக்காரு!"

"சிலிண்டர் வெடிச்சு செத்தவனுக்கு என்னம்மா குண்டு?" ரங்கநாதன் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "சார், எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இரும்பு. குண்டு கறுப்பா செவப்பான்னுகூடத் தெரியாது. கண்ணால பாத்ததே இல்ல."

"சார்! நாலாவது எங்கன்னு..." கம்பிக்குப் பின்னாலிருந்து நூருல்லா.

"நீ பேசின, பல்லைக் கழட்டிடுவேன்!" எஸ்.ஐ. கர்ஜித்தார். கமர் ஜஹானிடம் திரும்பினார். "இத பாரும்மா. மூணு குண்டை நீயே எங்கியோ ஒளிச்சு வெச்சிருக்கற. யாருக்கு சப்ளை பண்றீங்க? கடல் தாண்டியா?"

"ஒளிக்கல சார், காப்பாத்தி வெச்சிருக்கேன்..."

"கதை சொல்லாத! ஒழுங்கா உண்மையைச் சொல்லு. இல்லன்னா உன் தம்பி இனிமே வெளிச்சத்தையே பாக்க மாட்டான்!"

அக்காள் தம்பியைப் பார்த்தாள். தம்பி இரண்டு கையாலும் மேஜையைக் காட்டிக் காட்டி ஊமை மாதிரி துள்ளினான். அவளுக்குப் புரியவில்லை.

"சொல்றியா இல்லியா?"

கோபத்தில் எஸ்.ஐ. காகிதக் கட்டின் மேலிருந்த கனமான எதையோ கையில் எடுத்தார். மேஜையில் ஓங்கி ஓர் அடி!

டம்!

கமர் ஜஹானுக்கு அலறல் தொண்டையிலேயே செத்தது.

எஸ்.ஐ. கையில்... வாழைக்காய் நீளத்தில்... கூர் முனையோடு... அடியில் செம்பு வளையத்தோடு...

நாலாவது!

மறுபடி ஓங்கினார்.

"சாஆஆர்!"

அலறியது கமர் ஜஹான் அல்ல.

ரங்கநாதன்!

நாற்காலி ஒரு பக்கம், கலர் பாட்டில் ஒரு பக்கம். ஆள் மேஜைக்கடியில் பாய்ந்து, தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"அடிக்காதீங்க சார்! அது சுட்டும் வெடிக்காத குண்டு! இன்னொரு தட்டு தட்டினா நாம யாரும் இல்ல சார்! எல்லாரும் சல்லடைதான்!"

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது.

ஃபேன் மட்டும் சுற்றியது.

"ஏன்யா," என்றார் எஸ்.ஐ., உதடு அசையாமல். "கண்ணால பாத்ததே இல்லன்னியே?"



"அதைத்தான் சார் வந்ததுலேர்ந்து சொல்றேன்!" நூருல்லா வெடித்தான். "சொல்ல வுட்டாதானே! ஏட்டய்யாதான் போன வாரம் ஐயா மேஜையில பேப்பர் பறக்குதுன்னு என் சைக்கிள்லேர்ந்து ஒண்ணை உருவிக்கினு வந்தாரு!"

"யோவ் ஏட்டு!"

ஏட்டு அங்கே இல்லை. அவருடைய தொப்பி மட்டும் வாசலில் உருண்டுகொண்டிருந்தது. தெருவில் ஓடும் பூட்ஸ் சத்தம் தேய்ந்து மறைந்தது.

எஸ்.ஐ.யின் நெற்றியில் வியர்வை கோடு போட்டது.

"நேத்து பூரா இதாலதாம்மா வாதாங்கொட்டை ஒடச்சுத் தின்னேன்..."

"ஆடாதீங்க ஐயா."

"கீழ வெச்சுடட்டுமா?"

"வேணாம்! கை நடுங்குது உங்களுக்கு."

"சன்னல் வழியா வீசிடட்டுமா?"

"சந்தை இருக்குது அங்க! அப்படியே நில்லுங்க. ராணுவத்துக்குச் சொல்லி ஆளு வர்ற வரைக்கும்."

காலையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தவள் கமர் ஜஹான். இப்போதும் நடுங்கத்தான் செய்தாள். ஆனால் அந்த அறையில் மற்றவர்கள் அவளைவிட அதிகமாக நடுங்கினார்கள். அது அவளுக்கு ஒரு தெம்பு!

குனிந்து மேஜைக்கடியில் பார்த்தாள்.

"தனகோட்டி எங்க?"

ரங்கநாதன் தலையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஐயா, உங்க கையைக் கொஞ்சம் இப்படி இவர் தலைக்கு நேரா கொண்டாங்க..."

"வேணாம்! குடோன்ல! திண்டிவனம் குடோன்ல கட்டிப் போட்டிருக்கேன்! உயிரோடதான் இருக்கான்! செவப்புக் கொடி குவியலை அள்ளச் சொன்னதும் நான்தான்! சிலிண்டர்னு சொன்னதும் நான்தான்! இந்த அம்மாவுக்கும் தம்பிக்கும் ஒண்ணும் தெரியாது! கையை எடுக்கச் சொல்லும்மா!"

"கேட்டீங்களா ஐயா?"

"கேட்டேன் தாயே, கேட்டேன்."

கமர் ஜஹான் எஸ்.ஐ.யின் பெல்ட்டில் தொங்கிய சாவிக்கொத்தை, பூப் பறிக்கிற மாதிரி அலுங்காமல் எடுத்தாள். லாக்கப்பைத் திறந்தாள். நூருல்லா வெளியே வந்து அக்காவின் பின்னால் ஒண்டிக்கொண்டான்.

குற்றவாளி தரையில். போலீஸ் கையைத் தூக்கியபடி. செஞ்சிச் சந்தையில் அப்படி ஒரு கைது நடந்ததே இல்லை!

"நாங்க போய் டிரங்க்கால் போட்டு ராணுவத்தைக் கூப்புட்றோம் ஐயா," என்றாள் கமர் ஜஹான். வாசலில் நின்றாள். திரும்பினாள். "அதுக்கு முன்னாடி ஒண்ணு. என் தம்பி மேல எந்தக் கேசும் இல்லன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

தலைக்கு மேலே தூக்கிய கையை ஓரக்கண்ணால் பார்த்தார் எஸ்.ஐ.

"நாளைக்கு வாம்மா, போட்றேன்... நாளைக்குக் கை இருந்தா!"